சிவப்பு எரிந்தால்

கனடாவிலிருக்கும் மகன் கபிலன் வாங்கி அனுப்பிய எடைப்பலகையில் பச்சை விளக்கு எரிந்தால் அவன் கூப்பிட மாட்டான். எடை கூடிச் சிவப்பு எரிந்தால்தான், திட்டுவதற்காவது அழைப்பான். தேய்ந்த முட்டிக்காக வாயைக் கட்டி இளைத்து, வலியில்லாமல் மாடிப்படி ஏறி இறங்கத் தொடங்கியதிலிருந்து வடிவாம்பாளுக்குத் தினமும் பச்சைதான். வீடே ஊமையாகிவிட்டது.

அன்று குழவிக்கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பலகையில் ஏறினாள். முட்டி விண்ணென்று தெறித்தது. சிவப்பு எரிந்தது.

"மறுபடியும் வெயிட் ஏறிடுச்சேம்மா! முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்றது சுவரில் மாட்டிய ஒலிப்பெட்டியிலிருந்து கபிலனின் குரல்.

"குறைச்சிடறேன்யா. நீ சாப்பிட்டியா?"



"மன்னிக்கவும். எடையைப் பற்றி மட்டுமே இந்தக் குரலால் பேச முடியும்."

அதுவும் கபிலனின் குரல்தான்.

மறுநாள் காலையிலும் வடிவாம்பாள் குழவியைத் தூக்கினாள்.