பூனை ஊருக்குப் போயிருக்கு

“நான் உளவாளி இல்ல சார், சொல்றதைக் கொஞ்சம்...”

“மிலிட்டரி ஆபீஸ்ல மேப் வரையற வேலை. ஒளிச்சு வெச்ச ரெண்டாவது போன். வியாழக்கிழமையானா லாட்ஜுல பொய்ப் பேரு. வேற யாருய்யா நீ?” என்று குறுக்கே பாய்ந்தார், வீடு தேடி வந்திருந்த விசாரணை அதிகாரி.

“அது பொம்பளை சமாச்சாரம் சார்!”

“‘பூனை ஊருக்குப் போயிருக்கு.’ போன்ல அனுப்பியிருக்கியே, இது என்ன ரகசியக் குறிப்பு?”

வரைபடக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“பூனைன்னா... என் சம்சாரம் சார்.”

அதிகாரி சிரித்துவிட்டார். “சினிமா நிறையப் பாப்பியோ? சரி, அந்தப் பொம்பளையைக் கூப்பிடு.”

“நேத்திலேருந்து போனை எடுக்க மாட்டேங்கறா. என் சம்சாரத்தைக் கேளுங்க சார். போன மாசம் லாட்ஜ் வாசல்லயே எங்களைக் கையும் களவுமாப் பிடிச்சா!”

சமையலறை வாசலில் நின்ற மனைவியிடம் அதிகாரி திரும்பினார்.

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா. பொம்பளை விஷயம்னா இப்பவே விட்டுடுறேன். இல்லேன்னா தூக்குதான்.”

“சொல்லுடி, என் தாயே!” என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார் கணவர்.

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“சத்தியமா சொல்றேன் சார், இந்தப் பதினெட்டு வருஷத்துல இவர் இன்னொருத்தியை ஏறெடுத்தும் பாத்ததில்ல.”