டாஸ்க்பாரில் ஒரு குட்டிப் படம்

மவுஸ் அம்பு அந்த நீல ஐகானின் மேல் போய் நின்றது.

ஒன்றும் வரவில்லை.

அவர் அம்பை விலக்கி மறுபடி கொண்டுவந்து வைத்தார். வரவில்லை. வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, நாற்காலிக்குப் பின்னால் ஈரக் கையோடு அவள் நின்றிருந்தாள்.

"குட்டியா ஒரு படம் வருமே. எதுல என்ன தொறந்திருக்குன்னு காட்டுமே. எங்க போச்சு?"

எங்கும் போகவில்லை. மூன்று வாரத்துக்கு முன் அவள்தான் எடுத்தாள். யூடியூப் வீடியோ ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு பட்டியலில் ஒரே ஒரு டிக்கை.

நீல ஐகானுக்குள் ஒரு விண்ணப்பம் சுருங்கிக் கிடந்தது.

மதுரையில் ஒரு மகளிர் விடுதி. பெயர், வயது, புகைப்படம் எல்லாம் போட்டாயிற்று. அறை வகை: ஒருவர், இருவர். ஒருவர் என்பதில் புள்ளி வைத்தபோது குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. சுருக்கிவிட்டாள். மூடுவதற்குள் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார், நெற்றியில் திருநீறு காய்வதற்குள்.

இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

ஒன்றாம் தேதி அங்கே வேலையில் சேர வேண்டும். வேலை கிடைத்ததே கணவருக்குத் தெரியாது.

ஐகானைச் சொடுக்கினால் திறந்துவிடும். ஒரே ஒரு சொடுக்கு.

ஆனால் அவர் சொடுக்க மாட்டார். சொடுக்குவது சாமானியர் வேலை. அவர் ஆராய்பவர். தொண்ணூற்றெட்டில் அவருடைய அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, தினமும் அதன் உறையைக் கழற்றி மடித்துவைக்கும் பொறுப்பு ஆறு மாதம் அவரிடம் இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் மிக்சி நின்றால்கூட 'சிஸ்டம்ல கோளாறு' என்பார்.

"ஒரு தடவ அணைச்சுப் போட்டுப் பாருங்களேன்."

குரல் சாதாரணமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். அணைத்தால் நிரப்பியதெல்லாம் போய்விடும். போகட்டும். இன்னொரு முறை நிரப்பிக்கொள்ளலாம்.

அவர் திரும்பிப் பார்த்தார். மிகுந்த கருணையோடு.

"அணைச்சுப் போடறதெல்லாம் கடைக்காரன் வைத்தியம். எனக்கு மூலகாரணம் தெரியணும்."

தேட ஆரம்பித்தார்.

ஒவ்வொரு படியையும் வாய்விட்டு அறிவித்தார், விமானத்தை இறக்குபவர்போல. "இப்ப செட்டிங்ஸ்குள்ள போறேன்." "இது இல்ல, வெளிய வர்றேன்." ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் அம்பு நேராக நீல ஐகானுக்கு வந்தது. ஆள்காட்டி விரல் மவுஸின் மேல் மெல்லத் தாளம் போட்டது.

அவள் அந்த விரலையே பார்த்தாள்.

அடுப்பில் பால் தீயும் வாசனை வந்தது. அவள் போகவில்லை.

நாற்பதாவது நிமிடம், அந்தப் பட்டியல் திரையில் திறந்தது. வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றிலும் டிக். ஒன்றில் மட்டும் இல்லை.

"பாத்தியா? வெளியிலருந்து எவனோ உள்ள பூந்து கை வச்சிருக்கான்."

வீட்டில் இருப்பது இரண்டு பேர். இரண்டாவது ஆள் அவர் நினைவுக்கு வரவில்லை.

டிக் போட்டார். ஓகே கொடுத்தார். அம்பு நீல ஐகானுக்குப் போனது.

படம் வந்தது.

தீப்பெட்டி அளவு. மேலே பொடி எழுத்தில், மகளிர் விடுதி அறை விண்ணப்பம். அதற்குக் கீழே, கடுகளவில் அவளுடைய முகம்.

அவர் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதை மூன்று வாரமாக மனப்பாடம் செய்திருந்தாள். முதல் வார்த்தையே மறந்துபோயிருந்தது.

"வந்துடுச்சு!"

படம் வந்ததைத்தான் பார்த்திருக்கிறார். படத்தில் இருப்பதை அல்ல. கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதிலும் கண்ணாடி இல்லாமல் படிப்பவர் என்பது அவரே பரப்பிய செய்தி.

அவள் மூச்சை விடுவதற்குள், அவர் இடது கையால் போனை எடுத்துத் திரையைப் படம்பிடித்தார்.

அன்புக்கோட்டை. குடும்பத்தின் வாட்ஸப் குழு. அறுபத்து மூன்று பேர். அவர்தான் அட்மின். படத்துக்குக் கீழே எழுதினார்: நாற்பது நிமிட ஆய்வு. மூலகாரணம் கண்டறியப்பட்டது. பிரச்சினை தீர்ந்தது.

அனுப்பிவிட்டார்.

ஒரு ஜோடிக் கண்ணுக்குத்தான் அவள் இத்தனை நாள் பயந்திருந்தாள்.

முதல் பதில் சேலத்திலிருந்து வந்தது. அவருடைய தங்கை சாருமதியின் கணவர். 'ஜீனியஸ் மச்சான்!' அவரும் தன் வீட்டில் மூலகாரணம் பார்ப்பவர்தான். அடுத்து ஒரு கட்டைவிரல். கைதட்டல். பூங்கொத்து. பிறகு அந்த மாப்பிள்ளையே போனில் அழைத்தார். பாராட்டை நின்றுகொண்டு வாங்குவதுதான் மரியாதை என்று அவர் பால்கனிக்குப் போனார்.

அவள் போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் சூடாக இருந்தது.

அவள் போன் அதிர்ந்தது. குழுவில் இல்லை. தனியாக.

சாருமதி.

அண்ணன் அனுப்பிய படம்தான். சுற்றியிருந்ததையெல்லாம் வெட்டியெடுத்து, அந்தத் தீப்பெட்டியை மட்டும் பெரிதாக்கி அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி.

'அண்ணி, அனுப்பிட்டீங்களா? இல்லன்னா, எனக்கும் ஒரு கட்டில் கிடைக்குமா?'

பால்கனியில் ஒரு மூலகாரணம் இன்னொரு மூலகாரணத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தது. பேச்சு முடிய நேரமாகும்.

அவள் நீல ஐகானைச் சொடுக்கினாள்.

ஒருவர் என்பதிலிருந்த புள்ளியை எடுத்தாள்.