பூட்டாத வீடு

தொப்பூர்ப் பள்ளிவாசலின் பின்னறையில் இருந்தவர்கள்: தொழுகை நடத்தும் ஹஜ்ரத், ஊர் இளைஞர்கள் தவ்பீக், அன்சார், பலகைமேல் படுத்திருந்த அல்லாபகஷ் பாய்.

சவத்தைப் பொதியும் கஃபன் துணியைத் தவ்பீக் அல்லாபகஷ் பாயின் மேல் மடிக்கத் தொடங்கினான்.

"இடது பக்கம் மொதல்ல. அப்புறம் வலது," என்றார் ஹஜ்ரத்.

"பாய் வூட்டுக் கதவப் பூட்டவே மாட்டாராமே, ஏன்டா?" என்று அன்சாரிடம் கிசுகிசுத்தான் தவ்பீக். நெடுநாளாக அவனைக் குடைந்த கேள்வி அது.

"களவாட என்ன இருக்குது? பஞ்சர் ஒட்டற டப்பாதான்." அன்சார் கால்மாட்டில் முடிச்சுப் போட்டான்.

பலகை குலுங்கியது.

"கூசுதுடா டேய்!" துணிக்குள்ளிருந்து அல்லாபகஷ் பாய் சிரித்தார்.

"மய்யித்து சிரிக்கக் கூடாதுங்க பாய்," என்ற ஹஜ்ரத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பசங்க கஃபன் கட்டிப் பழக நானே படுக்கறேன்னு வந்தது நீங்கதானே?"

பாய் எழுந்து உட்கார்ந்தார். "ஒண்டிக்கட்டைங்க நான். செத்துக் கெடந்தா யாராச்சும் உள்ள வரணுமேன்னுதான் கதவப் பூட்டறதில்ல. வர்றவங்க என்னை எப்படி எடுப்பாங்கன்னு பாத்துக்கலாம்னு படுத்தேன்."

தவ்பீக் துணியை மடித்து வைத்தான்.

"மய்யித்தத் தூக்கறது மட்டுமா நம்ம கடமை? உசுரோட இருக்கறப்ப விசாரிக்கறதுந்தானே ஹஜ்ரத்?" என்றவன் பாயிடம் கை நீட்டினான். "வூட்டுச் சாவி இன்னொண்ணு இருந்தா குடுங்க. தெனம் விடியக்காலைல சுபுஹு தொழுகைக்குப் போறப்ப தட்டறேன். பதில் இல்லன்னா நானே தொறந்துட்டு வருவேன்."

"என் தூக்கம் கெட்டுப்போவும்டா."

"கெடட்டும் பாய்."

அன்று மாலை வாசலில் நின்று தவ்பீக்கிடம் சாவியைக் கொடுத்த அல்லாபகஷ் பாய், உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டார்.