முதுகு காட்டும் பேய்

நாங்கள் விடாமல் படித்த அந்தக் காமிக்ஸின் நாற்பத்தோரு இதழ்களிலும் கலங்கரை விளக்கத்துப் பேய் நமக்கு முதுகைத்தான் காட்டும். கதைக்குள் யாராவது ஒருவருக்காக மட்டும் திரும்பும். அவர் வீட்டில் அடுத்துச் சாகப்போகிறவரின் முகம் அதற்கு இருக்கும். அந்த முகத்தை வரைந்ததே இல்லை.

அது சினிமாவாக வந்தபோது முகத்தைக் காட்டிக் கெடுத்துவிடுவார்கள் என்று நானும் அண்ணன் வெண்டெலும் பயந்தோம். டுலூத் நகரத்துத் தியேட்டரில் மதியக் காட்சிக்குப் போனோம். கடைசிவரை முதுகுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெளியே பனி கொட்டியது. பாப்கார்ன் உப்புக்குக்கூடக் குறை சொல்லும் அண்ணன் பேசாமல் வந்தான்.

"என்னண்ணா, திட்டறதுக்கு ஒண்ணுமே கெடைக்கலியா?"

"நல்லாத்தான் எடுத்திருக்கான்."

"மொகத்தக் காட்டவே இல்ல, பாத்தியா?"

அவன் நின்றான். "கடைசி சீன்ல அது திரும்பலையா?"

"இல்லியே. தூங்கிட்டியா?"

"ஆமா. தூங்கிட்டேன்."

கடைசிக் காட்சி முழுக்க அவன் என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தான்.

நான் காரைத் திறக்கப் போனேன். சாவியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இன்னிக்கு நடந்தே போவோம், குட்டி."

வீட்டுக்குப் பதினோரு மைல். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பனியில் மண்டியிட்டு என் ஷூ லேஸை இறுக்கிக் கட்டினான்.