இரண்டு முழம்

வற்றிய ஓடைக்கரையில் பசு ஒருக்களித்துக் கிடக்கிறது. கடைவாய் நுரையில் ஓர் அரளி இலை ஒட்டியிருக்கிறது. அப்பால் அரளி மட்டும் வெயிலில் பூத்துக் குலுங்குகிறது. மாட்டு டாக்டர் ஊசியை மூடி வைக்கிறார். "அவ்வளவுதாம்மா, இனி தாங்காது. கன்னுக்குட்டிய மட்டும் பால்ல வாய் வைக்க விட்டுடாதீங்க. பாலும் விஷம்தான்." அவள் கன்றை இழுத்து மடியோடு அணைத்துக்கொள்கிறாள். பசி தாளாமல் அது அவள் முழங்கையைச் சப்புகிறது. பசுவின் காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிப் புழுதியில் காய்கிறது. "செடி எட்டாத தூரத்துலதானே முளை அடிச்சேன்? எப்படி எட்டுச்சு?" என்கிறான் கணவன், யாரையும் பார்க்காமல். அவள் கன்றை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள். காலையில் பசு வெறும் தரையை முகர்ந்துகொண்டு நின்றதைப் பார்க்க மனசு கேட்காமல், பழைய சேலைக் கிழிசலைத் திரித்து, கழுத்துப் பக்கம் கயிற்றோடு முடிந்து, புல் தேடிக்கொள்ளட்டும் என்று இரண்டு முழம் நீட்டிவிட்டவள் அவள்தான். அவன் முளையைப் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வருகிறான். பசுவின் கழுத்தடியில், அந்தச் சேலை நிறத்தில், அவன் கை நிற்கிறது. அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. முடிச்சை நகத்தால் நெம்புகிறான், பல்லால் கடித்து இழுக்கிறான். அவிழவில்லை. எதைச் செய்தாலும் கெட்டியாகச் செய்கிறவள் அவள்.