இரண்டு புதர்கள்

விடிந்தும் விடியாத நேரத்தில் மாடிப்படியில் இரண்டு புதர்கள் இறங்கி வந்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

பெரிய புதர், மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த டைலர். சின்னப் புதர், அவருடைய மகள். வெங்காயச் சாக்கு, பழைய திரைச்சீலை, பச்சைத் துணிக் கிழிசல், நடுநடுவே நிஜ இலை எல்லாம் சேர்த்துத் தைத்த அங்கி. உச்சந்தலையிலிருந்து முழங்கால் வரை. கண்ணுக்கு நேரே மட்டும் வலை.

கேட்டால், குளத்தில் பறவை பார்க்கப் போகிறோம், ஆள் என்று தெரிந்தால் அதுகள் பறந்துவிடும் என்பார் டைலர்.

முதல் நாள் வாட்ச்மேன் விசிலையே விழுங்கப் பார்த்தார். இரண்டாம் மாடி அக்கா பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த வேகத்திலேயே சாத்தினார். "ஏங்க, செடி நடந்து போகுதுங்க" என்று அவர் அலறியதையும், "தண்ணி ஊத்தி அனுப்பு" என்று வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து முனகியதையும் கட்டடத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் நடித்துக் காட்டினார்கள்.

சிரிப்பு அடங்கியதும் புகார் கிளம்பியது. குழந்தைகள் பயப்படுகிறார்கள், நாய்கள் குரைக்கின்றன, வந்த விருந்தாளி இது குடியிருப்பா நாடகக் கம்பெனியா என்று கேட்கிறார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் கூட்டம் போட்டு டைலரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

செயலாளர் பேச்சை "அதாவது" என்று ஆரம்பிப்பார். தொண்டையைச் செருமுவார். மறுபடியும் "அதாவது" என்பார். மூன்றாவது "அதாவது"க்குத்தான் விஷயம் வரும்.

"அதாவது, குளத்தங்கரைக்குப் போய் மாட்டிக்கோங்க. இங்கேருந்தே எதுக்கு? நம்ம படிக்கட்டுல கொக்கா உக்காந்திருக்கு?"

கூட்டம் சிரித்தது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை டைலர் சுருட்டினார், பிரித்தார். வழியிலும் பறவை இருக்கும் என்று இழுத்தார். வழியில் காக்காய்தான் இருக்கிறது, அது இவரை எப்போதோ பார்த்துவிட்டது என்றார் செயலாளர். மறுபடி சிரிப்பு.

டைலர் குரலைத் தாழ்த்தினார்.

"இதப் போட்டாத்தான் சார் என் பொண்ணு வாசலத் தாண்டுவா. வேற எங்கயும் வரமாட்டா. அந்தக் குளம் மட்டும்தான். தடுத்துடாதீங்க."

"செல்லம் குடுத்தா இப்படித்தான். நாளைக்கு அவ யானை வேஷம் கேப்பா, தச்சுக் குடுப்பீங்களா?"

அந்தக் கோலத்தில் இனி வாசல் கேட்டைத் தாண்டக் கூடாது என்று முடிவானது. வாட்ச்மேனுக்கும் உத்தரவு போனது.

பிறகு புதர்களைக் காணவில்லை. மூன்றாம் மாடி ஜன்னல் கதவுகள் பகலிலும் சாத்தியே கிடந்தன. தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. கட்டடம் நிம்மதியாகக் காபி குடித்தது.

அந்த நிம்மதியை வாட்ச்மேன்தான் கெடுத்தார். குப்பை வண்டி வரும் பின்வழியாக இரண்டு புதர்களும் இப்போதுதான் போயின என்று ஒரு காலையில் வந்து சொன்னார். செயலாளர் பல் விளக்கிய கையோடு கிளம்பிவிட்டார். கையும் களவுமாகப் பிடிக்காமல் திரும்புவதில்லை என்று வேகவேகமாக நடந்தார்.

குளத்தங்கரையில் அங்கிகள் இரண்டும் புல்மேல் கிடந்தன. டைலர் ஓரமாகக் குந்தியிருந்தார். மகள் தண்ணீர் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் துணிகூட இல்லை. அவள் காலைச் சுற்றி நீர்க்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று அவள் செருப்பு வாரைக் கொத்தி இழுத்துப் பார்த்தது. அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

செயலாளருக்கு ஜெயித்துவிட்ட பூரிப்பு.

"அதாவது, பறவை பக்கத்துல வந்ததும் கழட்டிப் போட்டாச்சு. அப்ப தெருவுல வர்றதுக்குத்தான் இந்த வேஷமா?"

குரல் கேட்ட மாத்திரத்தில் நீர்க்கோழிகள் மொத்தமும் சடசடவென்று கிளம்பின. அவள் திரும்பினாள்.

நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு பக்கத்தைத் தீ தின்றிருந்தது. அந்தப் பக்கம் இமையே இல்லை.

செயலாளரின் கால் தானாக ஓரடி பின்னால் போனது. கை வாயைப் பொத்திக்கொண்டது.

அந்த ஓரடியை அவள் பார்த்தாள். அழவில்லை. பழகிப்போனவள் மாதிரி, அவசரப்படாமல், சின்ன அங்கியை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டாள். வலையைக் கண்ணுக்கு நேரே சரிசெய்துகொண்டாள். புதராகி அசையாமல் உட்கார்ந்துவிட்டாள்.

செயலாளர் "அதாவது" என்றார். அதற்குமேல் வரவில்லை.

டைலர் எழுந்து வந்தார். முகத்தில் கோபமில்லை. மகள் காதில் விழாத தூரத்துக்கு அவரை நகர்த்திக்கொண்டு போனார்.

"பறவைங்க ஒரு நாளும் அவளப் பாத்துப் பறந்ததில்ல சார். மனுஷங்க பக்கத்துல போறதுக்குத்தான் இதத் தச்சுக் குடுத்தேன்."