முதலில் வந்தவனின் டீ

"புலியைக் கொடுத்துட்டுப் பூனையைப் பிடிச்சிட்டு வந்திருக்கார் உன் வீட்டுக்காரர்" என்று அக்காவிடம் சொன்னான் பல் டாக்டரின் மச்சினன்.

அக்கா வாசலில் நின்ற காரைப் பார்த்தாள். "அதே சிவப்பு. அதே கார் மாதிரிதானே இருக்கு?"

"வெளியிலதான் அதே. உள்ள இன்ஜின் பாதி. என் கார்ல இருக்கிற நோஞ்சான் இன்ஜின்."

டாக்டர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், காதில் விழாத மாதிரி.

"ஏன் மாமா மாத்தினீங்க?"

"இடுப்பு ஒத்துக்கலை மாப்ளே."

"இடுப்பா, துணிச்சலா?"

"ரெண்டும்னு வெச்சுக்கோ."

அவ்வளவுதான். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறந்து பார்க்கிற மனுஷர், தன் வாயை மட்டும் திறக்க மாட்டார்.

மச்சினனுக்கு வாயெல்லாம் பல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஆளுக்கொரு காரில் மலை ஏறுவார்கள். உச்சியில் ஒரு டீக்கடை. முதலில் வருகிறவர் டீ சொல்லிவைக்க வேண்டும். அவர்களாகப் போட்டுக்கொண்ட சட்டம். பல வருஷமாக டாக்டர்தான் சொல்லிவைக்கிறார். இவன் போய்ச் சேரும்போது, கையில் கிளாஸோடு கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்பார். மலையையே கிரயத்துக்கு வாங்கிவிட்டவர் மாதிரி. அந்த நிற்பு இவனுக்கு ஆகாது.

அதைக் கலைக்கத்தான் போன மாசம் கடைசி வளைவில் வேகத்தைக் குறைக்காமல் மிதித்தான். பின்சக்கரம் வழுக்கியது. ஓரத்தில் வெள்ளையடித்து நட்டிருந்த கல் ஒன்று பெயர்ந்து பள்ளத்தில் விழுந்தது. காரும் போயிருக்கும். ஏதோ போகவில்லை. யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை.

மேலே போனபோது டாக்டரின் பேன்ட் முழுக்க டீ.

"பல் பிடுங்குற கையில ஒரு கிளாஸ் நிக்காதா மாமா?" என்று சிரித்து, தன் நடுக்கத்தை மறைத்துக்கொண்டான். அவரும் சிரித்தார். காரை மாற்றியது அதற்கப்புறம்.

இந்த ஞாயிறு நல்ல பனி. மலை இன்னும் தூக்கத்தில் இருந்தது. மரங்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கின.

முதல் திருப்பத்திலேயே டாக்டர் ஒதுங்கி வழிவிட்டார். இவன் முந்தினான்.

முந்திய பிறகு என்னவோ போலிருந்தது. துரத்த ஆளில்லை. மிதித்த கால் தானாக இளகியது. பாதை தானே அவிழ்ந்து அவிழ்ந்து வழி கொடுக்க, கார் மிதந்துகொண்டு ஏறியது. எங்கேயோ ஓடை ஒன்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் அது அங்கேதான் இருந்ததா? பின்னால் மின்மினி மாதிரி இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்துகொண்டேயிருந்தன.

"டீ" என்றான் கடைக்கார அம்மாவிடம். "மாமாவுக்கும் ஒண்ணு. அவர் வந்ததும் ஊத்துங்க."

"இன்னைக்கு நீங்க முதலா?"

"இனிமே எப்பவும் நான்தான்."

கிளாஸை வாங்கிக்கொண்டு சுவர் ஓரம் போய் நின்றான். அவர் நிற்கிற அதே இடம். அவர் மாதிரியே காலை அகட்டி.

பனி சற்று விலகியது. நேர் கீழே கடைசி வளைவு, உள்ளங்கையில் வைத்த மாதிரி. ஓரத்தில் வெள்ளைக் கற்களின் வரிசை. நடுவே பல் விழுந்த ஈறாக ஓர் இடைவெளி.

இங்கிருந்து இவ்வளவு தெளிவாகவா தெரியும்?

பனி மறுபடி மூடிக்கொண்டது. விளக்குகளைக் காணோம். பின்னாலேயேதானே வந்தார்?

"டீ ஆறுது" என்றாள் கடைக்கார அம்மா.

"அவர் வரட்டும்."

"சரியாப் போச்சு. உங்க மாமாவும் இப்படித்தான். உங்க கார் அந்த வளைவைத் தாண்டுற வரைக்கும் வாயில வைக்க மாட்டார். அப்புறம் ஆறினதையே குடிப்பார். போன மாசம் கிளாஸையே கீழ போட்டுட்டார், பாவம். முகம் வெளுத்துப்போச்சு. என்னாச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறார்."

மச்சினன் பனிக்குள் காதை நீட்டிக்கொண்டு நின்றான். நோஞ்சான் இன்ஜின், சத்தமும் கேட்கவில்லை. கையில் கிளாஸ் கனத்தது.

கடைசியில், பாலுக்குள் விழுந்த இரண்டு மஞ்சள் புள்ளிகள். கல் இல்லாத இடத்தை ஒட்டி மெதுவாகத் திரும்பி, மேலே வந்தன. அப்போதுதான் மூச்சை விட்டான்.

டாக்டர் இறங்கினார்.

"ஏன் மாமா இவ்வளவு லேட்டு?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஓடைகிட்ட நிறுத்தினேன். எத்தனை வருஷமா தாண்டிப் போறோம், பார்த்ததே இல்லை."

சுவர் ஓரம் நிற்கிறவனைப் பார்த்தார். அவன் கையில் வாய்படாமல் நிறைந்திருந்த கிளாஸைப் பார்த்தார்.

"மாமா, அந்தக் கல்..." என்று ஆரம்பித்தான் அவன்.

"இடுப்பு ஒத்துக்கலைன்னு சொன்னேன்ல" என்று வெட்டினார் டாக்டர்.

கடைக்கார அம்மா புதிதாக ஊற்றிய டீயை அவரிடம் நீட்டினாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் சொன்னார்:

"இந்தக் கடையில டீ சூடாத்தான் தர்றாங்களா மாப்ளே? இன்னைக்குத்தான் தெரியுது."